எதிரியை மெச்சிய ஜெனரலும் ஒரு தேங்காயும்

ஆக்லாந்தில் பஸ் நிற்க வேண்டுமென்றால் கை காட்ட வேண்டும். இதை என் மகள் எனக்குச் சொல்லவில்லை. நியூ லின் நிறுத்தத்தில், இருபது வருஷம் பட்டாளத்தில் நின்ற பழக்கத்தில், கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றேன். மூன்று பஸ்கள் என்னைப் பார்த்தபடியே போய்விட்டன. மூன்றாவது டிரைவர் எனக்குத் தலையசைத்து வணக்கம் வேறு சொன்னார். பக்கத்தில் ஒரு அம்மாள் வந்து சும்மா விரலை நீட்டினாள், நாலாவது பஸ் வந்து பணிவாக நின்றது.

அம்பாசமுத்திரத்தில் நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கை காட்டினால் பஸ் ஐம்பது அடி தள்ளிப் போய் நிற்கும், நாம் ஓட வேண்டும். இங்கே கதவு சரியாக என் மூக்குக்கு நேரே திறந்தது. இறங்குகிறவர்கள் எல்லோரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். என் சர்வீஸில் எனக்கு எவனும் நன்றி சொன்னதில்லை. லாரியில் வந்து குதித்துவிட்டுப் போவான்கள், அவ்வளவுதான்.

வந்த காரியம் கல்யாணம். என் மகள் மீனா நியூ லின்னில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். மாப்பிள்ளை அகிலன் இங்கேயே பிறந்தவன், பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். அவனுடைய அப்பா சிவநேசனும் அம்மா யோகராணியும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், ஹில்ஸ்பரோவில் வீடு. என் மனைவி மகனோடு அடுத்த வாரம் வருகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் பொன்னுருக்கல் என்று ஒரு சடங்கு இவர்களுக்கு உண்டு. தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குவார்கள். பெண் அங்கே வரக்கூடாது, பெண் வீட்டார் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்காக நான் மட்டும் முன்னதாக வந்தேன்.

விமான நிலையத்திலிருந்து வரும்போதே மீனா காரை ஓட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, நீங்க மிலிட்டரினு அவங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துல இருந்தது தெரியாது. தயவுசெஞ்சு அத மட்டும் பேசாதீங்க. கல்யாணம் முடியட்டும்."

"கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

சரி என்றேன். எண்பதுகளின் கடைசியில், அமைதி காக்க என்று கப்பலேற்றி அனுப்பிய படையில் நானும் ஒருத்தன். வயசு இருபத்திரண்டு. பதினோரு மாசம் அங்கே லாரி ஓட்டினேன். அதைப் பற்றி என் மனைவியிடமே நாலு வாக்கியத்துக்கு மேல் நான் பேசியதில்லை. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய காரியமா என்ன என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஹில்ஸ்பரோவில் சாப்பாடு. வாசலில் செருப்புகள் வரிசையாக நின்றன, ஜன்னலோரம் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. குளிர் அதற்கும் ஆகாதாம். இடியப்பம், கத்தரிக்காய்க் குழம்பு, தேங்காய்ச் சம்பல், அதோடு சொதி. சொதியைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க திருநெல்வேலியிலயும் சொதி உண்டும்மா. காய்கறி எல்லாம் போட்டுக் கெட்டியா இருக்கும்."

"அது சொதி இல்லை, குழம்பு" என்றார் யோகராணி, சிரிக்காமல். "சொதி எண்டா தண்ணியாத்தான் இருக்கோணும். ஊத்தினா இடியப்பம் நனையோணும்."

சிவநேசன் மட்டும் சிரித்தார். மெலிந்த மனிதர், முன்பு கப்பல் துறைமுகத்தில் கணக்குப் பிள்ளை, இப்போது ஓய்வு. எந்த ஊர் நீங்கள் என்று நான் மரியாதைக்குக் கேட்டேன். இணுவில் என்றார். யோகராணி அம்மா அப்பம் எடுக்க அடுக்களைக்குப் போயிருந்தார்.

"இணுவிலா? தாண்டினதும் வலப்பக்கம் ஒரு மதகு இருக்குல்லா? மழைக்குப் பின்சக்கரம் ரெண்டும் அதுல இறங்கீரும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மீனா தட்டைப் பார்த்துக்கொண்டாள். சிவநேசன் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சம்பல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, "போடுங்கோ" என்றார். கூட வேலை பார்த்தவன் யாரோ சொல்லக் கேட்டது என்று நான் என்னத்தையோ உளறினேன். அந்த உளறலை அவர் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அதற்கப்புறம் அப்பம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

சனிக்கிழமை காலை அகிலன் காரோடு வந்தான். "அங்கிள், உங்களுக்குப் பிடிக்கும், ஒரு போர்க்களம் காட்டுகிறேன்" என்றான் ஆங்கிலத்தில். தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். முன்சீட்டில் அவனுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். தான் வருவதாக அவர் முதல் நாள் சொல்லவில்லை. நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

தெற்கே போகிற பெரிய சாலையில் போனோம். ஓட்டிப் பழகினவனுக்குச் சாலையைப் பார்த்தாலே அதைப் போட்டவன் யார் என்று தெரியும். இது வியாபாரி போட்ட சாலை இல்லை. மேட்டைச் சுற்றாமல் நேரே ஏறுகிறது, பீரங்கி இழுத்துப்போகப் போட்ட சாலை. சொன்னேன். அகிலனுக்கு ஒரே சந்தோஷம். நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெனரலின் சிப்பாய்கள் மண் வெட்டிப் போட்ட சாலைதான் என்றான். இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் நாட்டுக்குள் படை கொண்டுபோக.

பாபகூராவில் ஒரு டெய்ரியில் நிறுத்தினோம். டெய்ரி என்றால் பால் கடை என்று நினைத்தேன். பாலும் இருந்தது, கூடவே சிகரெட், லாட்டரி, சூடான பை. பை என்பது நம்ம ஊர் பப்ஸுக்குப் பெரியப்பா, உள்ளே கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். ஊதித் தின்ன வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை. மேலண்ணம் பொத்துப்போய், கண்ணில் தண்ணீர் வந்தது. சிவநேசன் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.  பக்கத்தில் பட்டாள முகாம் ஒன்று இருப்பதால் சீருடையில் இரண்டு இளவட்டங்கள் பை வாங்க வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் சிவநேசன் தன்னை அறியாமல் ஒரு அடி ஒதுங்கி வழி விட்டதை நான் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறார் அவர்.

ஊருக்குத் தெற்கே ஒரு புல்மேடு. அகிலனோடு வேலை பார்க்கும் ஹேமி என்ற மாவோரி ஆசிரியர் அங்கே காத்திருந்தார். ஆள் வாட்டசாட்டமாக இருந்தார், குரல் மட்டும் மெதுவாக. மேட்டில் கால் வைக்கும் முன் ஒரு வழக்கம் இருக்கிறது என்றார். உன் மலை எது, உன் ஆறு எது, நீ யார் ஆள் என்று சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டுமாம். முதலில் தன்னுடையதைச் சொன்னார்.

"பொதிகை மலை, தாமிரபரணி ஆறு" என்றேன் நான். பெருமையாகத்தான் இருந்தது. யார் ஆள் என்ற இடத்தில், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் என்றேன்.

சிவநேசன் கொஞ்சம் யோசித்தார். "எங்கட பக்கம் மலையும் இல்லை, ஆறும் இல்லை. கிணறுதான். வீட்டுக் கிணறு எண்டு சொல்லலாமோ எண்டு கேள் தம்பி" என்று மகனிடம் சொன்னார். ஆங்கிலம் தெரிந்தவர்தான், கூச்சம். அகிலன் மொழிபெயர்த்தான். ஹேமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல தண்ணீர்தானே, தாராளமாகச் சொல்லலாம் என்றார்.

மேட்டில் நின்றபடி ஹேமி அந்த ஜெனரலின் கதையைச் சொன்னார். பேருக்குச் சண்டை தெரிந்தவர் அல்ல, பெரிய யுத்தங்கள் பார்த்த பிரிட்டிஷ் ஜெனரல். பீரங்கி, ஆற்றில் போர்ப்படகு, ஆயிரக்கணக்கில் ஆள். எதிரே மாவோரித் தளபதியிடம் இருந்தவர்கள் விவசாயிகள். பாதிப் பேர் விதைப்புக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள். ஆனால் அந்தத் தளபதிக்கு மண் பேசுமாம். எந்த இடத்தில் பள்ளம் தோண்டினால் பீரங்கிக் குண்டு வீணாகும், எந்தப் பக்கம் ஆள் நழுவ வழி வேண்டும் என்று தெரியும். ஜெனரல் வளைத்துக்கொண்டு வந்து பார்த்தால் மண்கோட்டை காலி. பெண்களும் பிள்ளைகளும் உட்பட எல்லோரையும் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு ஆள் போயிருப்பார்.

ஜெனரலுக்கு முதலில் எரிச்சல்தான் வந்ததாம். போகப் போக மரியாதை வந்திருக்கிறது. இத்தனை குறைந்த ஆளை வைத்துக்கொண்டு, ஒருத்தனும் ஓடிப்போகாமல் எப்படி நிற்க வைக்கிறான் இவன் என்று வியந்திருக்கிறார். அப்புறம், நான் இவர்களோடு யாருடைய நிலத்துக்காகச் சண்டை போடுகிறேன் என்ற கேள்வி வந்துவிட்டது. கவர்னரோடு முறைத்துக்கொண்டு, பொறுப்பை விட்டுவிட்டு ஊருக்குக் கப்பலேறிவிட்டார்.

"நல்ல மனுஷன்" என்றேன்.

ஹேமி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. புல்லைக் காலால் தடவினார். "இருக்கலாம். ஆனால் மெச்சினது எல்லாம் மேலிடத்துக்கு எழுதின காகிதங்களில். எங்கள் ஆட்கள் முன்னால் வந்து அவர் அதைச் சொல்லவில்லை. நிலமும் போய்விட்டது. தூரத்தில் இருந்து மெச்சுகிறவனால் எங்களுக்கு என்ன பிரயோசனம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரிதான் சொன்னார்.

அது எனக்கு வந்து தைத்தது. ஏனென்றால் தூரத்தில் இருந்து மெச்சிய ஒரு ஆளை எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கோயிலுக்கு நான் அரிசி மூட்டை கொண்டுபோனேன். வீடு வாசல் விட்டு வந்த ஜனம் நானூறு ஐந்நூறு பேர் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தலைவி. டீச்சர் என்று கூப்பிட்டார்கள், நாற்பது வயசு இருக்கும். கையில் பள்ளிக்கூட மணி. ஒரு அடி அடித்தால் பிள்ளைகள் வரிசை, இரண்டு அடித்தால் நோயாளிகள் வரிசை. எங்கள் அதிகாரி பூட்ஸோடு மண்டபத்தில் ஏறப்போனார். அந்த அம்மாள் குறுக்கே வந்து நின்று அவர் காலைப் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. அதிகாரி இறங்கிவிட்டார். எங்களை வெளியே வெயிலில் உட்கார வைத்துவிட்டு, கடைசிப் பிள்ளை சாப்பிட்ட பிறகு ஒரு வாளி தண்ணீர் அனுப்பினார். என் பட்டாளத்தில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு தலைமையைப் பார்த்ததில்லை. கிளம்பும்போது ஒரு வணக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லாரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருந்தது. மீனாவின் முகம் கண் முன்னால் வந்தது. இருந்தாலும் வாய் திறந்துவிட்டேன்.

"சம்பந்தி, நான் யாழ்ப்பாணத்துல இருந்திருக்கேன். பட்டாளத்துல. பதினோரு மாசம் லாரி ஓட்டினேன்."

சிவநேசன் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"அந்த மதகைப் பற்றி இணுவில் ஆக்களே கதைக்கிறேல்ல. லொறி ஓட்டினவனுக்குத்தான் அது தெரியும்."

"பின்ன ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்களோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நான் கேட்டு நீங்கள் சொன்னா அது விசாரணை. விசாரணை எல்லாம் நாங்கள் கனக்கப் பாத்தாச்சு."

பிறகு அவரே சொன்னார். "எனக்குச் சொன்னது காணாது. ராணிட்டச் சொல்லோணும். அவவின்ர அண்ணை அந்தச் சண்டையிலதான் செத்தவர். கடைக்குப் பாண் வாங்கப் போனவர், வரேல்ல. ரெண்டு பக்கத்து வெடியில எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அகிலன் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார் என்று தெரியும், எப்படி இறந்தார் என்று வீட்டில் யாரும் சொன்னதே இல்லை என்றான். இந்த மேட்டில் நடந்த சண்டையின் ஒவ்வொரு நாளும் அந்தப் பையனுக்கு மனப்பாடம்.

அங்கிருந்து நேரே திரும்பினோம். ஹில்ஸ்பரோ வீட்டு அடுக்களையில் யோகராணி அம்மா மறுநாள் பலகாரத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்றே சொன்னேன். லாரிதான் ஓட்டினேன், யாரையும் சுடவில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. லாரியில் என்ன ஏற்றிப் போனாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அதை விட்டுவிட்டேன். டீச்சரைப் பற்றிச் சொன்னேன்.

அவர் அடுப்பைத் தணித்தார். "எந்தக் கோயில்?"

"பேரு ஞாபகம் இல்லம்மா. தேர் நிக்கிற கொட்டகைக்குப் பக்கத்துல ஒரு பெரிய இலுப்பை மரம்."

"எல்லாக் கோயிலிலயும் இலுப்பை நிக்கும். எல்லாக் கோயிலிலயும் ஒரு டீச்சர் இருந்தவா." பிறகு கேட்டார். "அவ தந்த தண்ணியைக் குடிச்சனீங்களோ?"

"குடிச்சோம்."

"பேர் கேட்டனீங்களோ?"

"இல்ல."

அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு போனார். எலுமிச்சை மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் அப்படியே நின்றார். சிவநேசன் என்னிடம், "நீங்கள் போங்கோ" என்றார். துரத்துகிற குரல் இல்லை அது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மீனா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் உங்களால சும்மா இருக்க முடியலையாப்பா?" என்றாள்.

"முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல சும்மாதான் இருந்தேன் மீனா."

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு நல்ல வீட்டில் என் மகளுக்கு அமைந்த வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தபோது, அந்த ஜெனரல் மாதிரிக் காகிதத்தில் எழுதிவிட்டுக் கப்பலேறியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அகிலனிடமிருந்து மீனாவின் போனுக்குச் செய்தி வந்தது. ஒன்பதுக்குச் சடங்கு, அங்கிளை வரச் சொல்லு, அம்மா சொன்னாங்க. அவ்வளவுதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் இருவரும் மாறி மாறி வாசித்தோம். மீனா எனக்கு வேட்டி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். பட்டு வேட்டியும் ஸ்வெட்டருமாக நிறுத்தத்தில் நின்று, தூரத்திலேயே பஸ்ஸைக் கண்டு கையைத் தூக்கினேன். இரண்டு பஸ் மாற வேண்டும். இறங்கும்போது இரண்டு டிரைவருக்கும் நன்றி சொன்னேன்.

சடங்கு கார் ஷெட்டில் ஏற்பாடாகி இருந்தது. வீட்டுக்குள் பொன் உருக்கினால் கூரையில் இருக்கும் புகை அலாரம் ஊளையிடுமாம், அவர்களுடைய உறவினர் வீட்டில் தீயணைப்பு வண்டியே வந்துவிட்டதாம். புல் வெட்டும் மெஷினை ஓரமாகத் தள்ளி, கோலம் போட்டு, கும்பம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர். யோகராணி அம்மா என்னைப் பார்த்து, "வாங்கோ" என்றார். முகத்திலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. நான் சுவரோரம் நின்றுகொண்டேன்.

பொற்கொல்லர் ஒரு சின்னக் குழாயில் தீயைச் சீறவிட்டார். பொற்காசு சிவந்து, சுருங்கி, ஒரு முத்தாக உருண்டு ஓடியது. எல்லோரும் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து பார்த்தார்கள்.

"தேங்காய் உடைக்கோணும். மாப்பிள்ளையின்ர தாய்மாமன் வாங்கோ" என்றார் பொற்கொல்லர். அவர் வெளியாள், வீட்டு விவரம் தெரியாது.

எல்லோரும் யோகராணி அம்மாவைப் பார்த்தார்கள். ஒரு பெரியப்பா முறைக்காரர் முன்னால் வரப்போனார். யோகராணி அம்மா கை காட்டி அவரை நிறுத்தினார். தட்டிலிருந்து தேங்காயை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"நீங்கள் உடையுங்கோ."

"அம்மா, நான் பொண்ணு வீடு..."

"தெரியும். என்ர பிள்ளை உங்களை மாமா எண்டுதான் இனிக் கூப்பிடப் போறான்." குரலைத் தணித்துக்கொண்டார். "ராத்திரி முழுக்க யோசிச்சனான். எனக்கு இன்னும் கோவம்தான். ஆனா அந்தப் பக்கத்திலயிருந்து ஒருத்தர் வந்து என்ர முகத்தைப் பாத்துச் சொன்னது இதுதான் முதல்தரம்."

தேங்காயை வாங்கினேன்.  எங்கள் ஊர் வழக்கப்படி தரையில் ஓங்கி எறிய இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். ஷெட் முழுக்க "ஐயோ, எறியாதேங்கோ" என்றது. யோகராணி அம்மாவே என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கி, கையில் கத்தியைக் கொடுத்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்து, கத்தியின் முதுகால் தட்ட வேண்டுமாம். தட்டினேன். திருப்பித் தட்டினேன். நாலாவது தட்டுக்கு உடைந்து, தண்ணீர் என் பட்டு வேட்டி முழுக்க ஊற்றியது.

பாதிகளை வாங்கிக் கும்பத்துக்கு இருபக்கமும் வைத்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சரிபாதியாக உடைந்தால்தான் நல்லது என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். அந்த இரண்டு பாதிகளையும் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"பரவாயில்லை. அண்ணைக்கும் ஒருநாளும் நேரா உடைக்கத் தெரியாது."